ஆன்சைட் போன இடத்தில் ஒரு ஞாயிறு: ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ரைன் நதிக்கு ஒருநாள் பயணம் – முழுமையான வழிகாட்டி

ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வேலையாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சொந்தமாகக் கிடைக்கும். சனிக்கிழமை துணி துவைப்பதிலும், வாரம் முழுக்கத் தள்ளிப்போட்ட மெயில்களிலும், ஊருக்கு வாங்கிப்போக வேண்டிய சாக்லேட்டிலும் போய்விடுகிறது. அந்த ஞாயிற்றையும் சிலர் ஹோட்டலில் தூங்கிக் கழிப்பார்கள். சிலர் விடியற்காலை கிளம்பி ஹைடல்பர்க், கொலோன், முடிந்தால் பாரிஸ் என்று ஓடிவிட்டு, நள்ளிரவில் திரும்பி, திங்கட்கிழமை மீட்டிங்கில் கொட்டாவி விடுவார்கள்.

இரண்டுமே வேண்டாம். ஒரு நாள் என்றால் ஒரு ரயில் பாதை, ஒரு திசை. அந்தப் பாதையில் இருப்பதை நிதானமாகப் பார்த்துவிட்டு, இருட்டும் முன் அறைக்கு வந்துவிடலாம். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அப்படிப் போக என் பரிந்துரை ரைன் பள்ளத்தாக்கு. பிங்கன் ஊரிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர், மலைகளுக்கு நடுவே நதி வளைந்து ஓடுகிறது. 2002இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. போகும்போது ரயில், நடுவில் கேபிள் காரும் படகும், திரும்ப மறுபடி ரயில். கார் தேவையில்லை, ஜெர்மன் மொழியும் தேவையில்லை.

முதலில் கம்பெனி விஷயத்தை முடியுங்கள்

வேலை நாட்களுக்கு நடுவே வரும் ஞாயிறு என்றால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேலை முடிந்தபின் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிப் பார்க்க நினைத்தால்தான் கேட்க வேண்டும். அதை டிக்கெட் போடும் முன்பே கேளுங்கள். "திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போட முடியுமா? அன்றைய ஹோட்டல் செலவும் சாப்பாடும் என்னுடையது" என்று மேனேஜருக்கும் டிராவல் டெஸ்க்குக்கும் இரண்டு வரி மெயில் போதும். வாயால் கேட்டு வாயால் சரி என்று வாங்கினால், பில் போடும்போது கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்காது.

இன்ஷூரன்ஸையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஷெங்கன் விசாவுக்காக எடுத்த காப்பீட்டில் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவு அடங்கியிருக்கும். ஆனால் அது எந்தத் தேதி வரை, சொந்தமாகத் தங்கும் நாளும் அதில் சேருமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தேதி முடிந்திருந்தால் அந்த ஒரு நாளுக்குத் தனியாக எடுத்துக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.

விசா பற்றி ஒரு சந்தேகம் பலருக்கும் உண்டு. பிசினஸ் விசாவில் வந்துவிட்டு ஊர் சுற்றலாமா? குறுகிய கால ஷெங்கன் விசாவில், வந்த வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு ஓய்வு நாளில் சுற்றிப் பார்ப்பதற்குத் தடையில்லை. விசாவில் குறித்திருக்கும் நாட்கணக்கைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். சிங்கிள் என்ட்ரி விசா உள்ளவர்கள் மட்டும் லண்டனுக்கு ஒரு நடை போய்வரலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஷெங்கன் எல்லையைத் தாண்டிய கணமே அந்த விசா முடிந்தது. பிரிட்டனுக்குத் தனி விசாவும் வேண்டும்.

எந்த நாள் என்பதைக் காலண்டரில் பாருங்கள்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். துணிக்கடை மட்டுமல்ல, சூப்பர் மார்க்கெட்டும்தான். சட்டமே அப்படி. திறந்திருப்பவை உணவகங்கள், காலையில் சில மணி நேரம் பேக்கரிகள், பெரிய ரயில் நிலையத்துக்குள்ளும் விமான நிலையத்துக்குள்ளும் உள்ள கடைகள். ஆக ஞாயிறு ஷாப்பிங்குக்கு ஆகாது, வெளியூர் போவதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. அருங்காட்சியகங்கள் இதற்கு நேர்மாறு. ஞாயிறு திறந்திருக்கும், திங்கள் பெரும்பாலானவை மூடியிருக்கும். உங்களுக்குக் கிடைத்த ஓய்வு நாள் திங்கள் என்றால் நதிப்பக்கம் போங்கள், மியூசியத்தை நம்ப வேண்டாம்.

கிளையன்ட் அலுவலகத்தின் விடுமுறைப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். மே 1 தொழிலாளர் தினம், அக்டோபர் 3 ஜெர்மன் ஒற்றுமை தினம் எல்லோருக்கும் தெரியும். ஃபிராங்க்ஃபர்ட் இருக்கும் ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஃபிரோன்லைஷ்னாம் என்ற கத்தோலிக்கத் திருநாளுக்கும் விடுமுறை உண்டு. அது வியாழக்கிழமையில்தான் வரும், பெரும்பாலும் ஜூனில். மறுநாள் வெள்ளியன்று பாதி ஜெர்மனி லீவு போட்டுவிடும். அந்த வாரம் உங்கள் பயணம் அமைந்தால், எதிர்பாராமல் ஒரு நாள் கையில் விழும். பொது விடுமுறையன்றும் கடைகள் ஞாயிறு மாதிரிதான்.

இன்னொன்று, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும் நாட்கள். மார்ச்சில் ஒரு மணி நேரத்தை இழப்பீர்கள். போன் தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது.

ரைன் திட்டத்துக்கு ஏற்ற காலம் ஏப்ரல் பின்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. படகும் கேபிள் காரும் முழு அட்டவணையில் ஓடுவது அப்போதுதான். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலரைக்குள் இருட்டிவிடும். குளிர்காலத்தில் வருகிறவர்கள் கீழே உள்ள மழைநாள் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

ஏன் ரைன், ஏன் மற்றவை இல்லை

கொலோனுக்கு ஐசிஇ அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே 157 மீட்டர் உயர தேவாலயம் எதிரில் நிற்கும். அதைப் பார்த்த பிறகு செய்ய வேண்டியது அவ்வளவாக இல்லை, டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் எடுத்தால் விலையும் கடிக்கும். ஹைடல்பர்க் அழகான ஊர்தான். கோட்டையும் பழைய பாலமும் ஒரு நாளுக்குச் சரியான அளவு. ஆனால் கோடை ஞாயிறுகளில் டூர் பஸ் கூட்டம். நடக்கப் பிடிக்காதவர்களுக்கும் படகு வேண்டாம் என்பவர்களுக்கும் ஹைடல்பர்க்கைச் சொல்வேன்.

நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொரு இடம் ஹாம் நகர காமாட்சி அம்பாள் கோவில். ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடத்திய கோவில் அது. கோபுரத்தோடு, தேரோடு இருக்கிறது. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து போக மட்டுமே மூன்று மணி நேரம் போல ஆகும், ரயிலை விட்டு இறங்கிய பிறகும் பஸ் பிடிக்க வேண்டும். டுசல்டார்ஃப், டார்ட்மண்ட் பக்கம் வேலை இருக்கும்போது போய்க் கும்பிட்டு வாருங்கள்.

சனிக்கிழமை மாலை செய்ய வேண்டியவை

கடை மூடும் முன் தண்ணீர், பழம், ரொட்டி, கொறிக்க ஏதாவது வாங்கி வையுங்கள். தண்ணீர் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். 'ஸ்டில்' என்று இல்லாவிட்டால் அது சோடா. பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள், காலி பாட்டிலைச் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். குழாய்த் தண்ணீரே குடிக்க நன்றாக இருக்கும் என்பதால் ஒரு பாட்டிலை வாங்கி அதையே நிரப்பிக்கொண்டு போவது என் வழக்கம்.

போனில் டிபி நேவிகேட்டர் என்ற ஜெர்மன் ரயில்வே செயலி கட்டாயம் வேண்டும். அதில் நாளைக்குப் போகும் பாதையைத் தேடிப் பாருங்கள். இதை அலட்சியமாக விடாதீர்கள். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்பது பழைய கதை. தாமதம் சாதாரணம். வார இறுதிகளில்தான் தண்டவாள வேலையும் நடக்கும். சில பாதைகளைப் புதுப்பிக்க மாதக் கணக்கில் முழுதாக மூடிவிடுகிறார்கள். ஃபிராங்க்ஃபர்ட் – மன்ஹைம் பாதை 2024 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை அப்படித்தான் மூடிக் கிடந்தது. ரைன் கரைப் பாதைகளும் இதற்கு விதிவிலக்கில்லை. ரயிலுக்குப் பதில் பஸ் என்று செயலி காட்டினால், நேரத்தை ஒன்றரை மடங்காக எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள், அல்லது அன்றைக்கு ஹைடல்பர்க் போய்விடுங்கள்.

ரைனில் கே.டி. என்ற நிறுவனத்தின் படகுகள் ஓடுகின்றன. 1826இல் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய தளத்தில் அன்றைய தேதிக்கான அட்டவணையைப் பார்த்து, நம் முதல் நிறுத்தமான ரூடஸ்ஹைம் ஊரிலிருந்து நதியின் போக்கில் கிளம்பும் படகு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளின் மற்ற எல்லா நேரத்தையும் அந்தப் படகு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். ரயில் ஒன்று போனால் அடுத்தது வரும். படகு போனால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரலாம்.

பைக்குள் பாஸ்போர்ட், நூறு யூரோவுக்குள் ரொக்கம், சில்லறைக் காசு, மெல்லிய மழைக்கோட்டு, பவர் பேங்க். கிராமத்து உணவகங்களில் கார்டு வாங்காத இடம் இன்னும் இருக்கிறது, நிலையத்துக் கழிப்பறைக்கும் காசு வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பை அறையிலேயே பூட்டிவிட்டுப் போங்கள். கழுத்து அடையாள அட்டையையும் கழற்றி வைத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கிளையன்ட் பெயரோடு போட்டோவில் நிற்க வேண்டாம்.

டிக்கெட்: இதில் ஒரு பொறி இருக்கிறது

ஃபிராங்க்ஃபர்ட் சுற்றுவட்டாரத்தில் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஆர்எம்வி என்ற அமைப்பின் டிக்கெட் ஒன்றே போதும். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் மாநிலம் முழுக்கச் சுற்ற 'ஹெஸ்ஸன் டிக்கெட்' என்று ஒருநாள் சீட்டு உண்டு. வேலை நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கூடப் பணிபுரிகிறவர்களோடு கூட்டமாகப் போனால் தலைக்கு மிகக் குறைவாகத்தான் வரும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் இது செல்லாது, நமக்கு அவை தேவையும் இல்லை.

பொறி எங்கே என்றால், மாநில எல்லை. ரூடஸ்ஹைம் ஹெஸ்ஸன் மாநிலம். நதியோடு கீழே போனால் லோர்ஷ்ஹவுசன் என்ற சிற்றூரோடு ஹெஸ்ஸன் முடிந்துவிடும். அதற்கு அப்பால் கௌப், லோரலை, சங்க்ட் கோவர்ஸ்ஹவுசன் எல்லாம் ரைன்லாண்ட்-ஃபால்ஸ் மாநிலம். படகில் எல்லை தாண்டுவதை யாரும் உணர்வதில்லை. திரும்பும் ரயிலில் பரிசோதகர் உணர்த்துவார், செல்லாத டிக்கெட்டுக்கு அபராதம் 60 யூரோ. 'ஊருக்குப் புதிது' என்ற சமாதானம் எடுபடாது. எனவே படகை விட்டு இறங்கும் சங்க்ட் கோவர்ஸ்ஹவுசனிலிருந்து திரும்புவதானால், செயலியில் அந்த ஊரையும் ஃபிராங்க்ஃபர்ட்டையும் போட்டுத் திரும்பும் டிக்கெட்டைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

சில வாரங்கள் தங்குகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லாத வழி டாய்ச்லாண்ட் டிக்கெட். நாடு முழுக்க எல்லா உள்ளூர், பிராந்திய ரயில்களுக்கும் பஸ்களுக்கும் ஒரே மாதச் சீட்டு. 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. தினமும் ஹோட்டலிலிருந்து ஆபீஸ் போய்வருவதற்கும் அதுவே ஆகும் என்பதால் இரண்டு மூன்று வாரப் பயணத்திலேயே காசு மிச்சம். ஆனால் அது சந்தா முறை. மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் எடுத்துவிடும். வாங்கிய அன்றே ரத்து செய்வதற்கு ஓர் அலாரம் வையுங்கள். படகுக்கு எந்த ரயில் டிக்கெட்டும் செல்லாது, அது தனி.

காலை: ஹாப்ட்பான்ஹோஃப்பிலிருந்து ரூடஸ்ஹைம்

ஹாப்ட்பான்ஹோஃப் என்பது தலைமை ரயில் நிலையம், நம் ஊர் சென்ட்ரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1888இல் திறந்த கட்டடம், அதன் வளைவுக் கூரையை ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். எட்டரை மணி வாக்கில் கிளம்பும்படி பாருங்கள். நீங்கள் பிடிக்க வேண்டியது ஆர்பி 10 என்ற பிராந்திய ரயில், நோய்வீட் அல்லது கோப்லென்ஸ் என்று பலகையில் போட்டிருக்கும். ரூடஸ்ஹைமுக்கு ஒரு மணி பத்து நிமிடம் போல ஆகும்.

எந்தப் பக்கம் உட்காருவது என்பதில் ஒரு சூட்சுமம். வீஸ்பாடன் நிலையத்தில் பாதை முடிவதால் ரயில் அங்கே திசை மாறிப் புறப்படும். அதற்குப் பிறகு போகும் திசைக்கு இடப்புறம்தான் நதி. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏறும்போதே வலப்புறம் உட்கார்ந்துவிட்டால் வீஸ்பாடனில் எழுந்து இடம் மாற வேண்டாம், தானாக நதிப்பக்கம் வந்துவிடும்.

வீஸ்பாடன் தாண்டியதும் திராட்சைத் தோட்டங்கள் தொடங்கிவிடும். ரைன்காவ் என்று இந்தப் பகுதிக்குப் பெயர். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சைக்குப் பேர்போனது. தெற்கு நோக்கும் சரிவு, கீழே நதியில் பட்டு மேலேறும் வெளிச்சம், பின்னால் குளிர்காற்றைத் தடுக்கும் டாவுனுஸ் மலை என்று மூன்றும் சேர்ந்ததால்தான் இவ்வளவு வடக்கே திராட்சை பழுக்கிறது.

ரூடஸ்ஹைம்: கடைத் தெருவில் நேரம் போக்காதீர்கள்

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஊர் மையம். ட்ரோசல்காஸ என்ற குறுகிய தெருவைப் புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். 150 மீட்டர்கூட நீளமில்லாத சந்து அது, இரு பக்கமும் ஒயின் விடுதி, நினைவுப் பொருள் கடை. சுற்றுலா ஊர் என்பதால் இங்கே ஞாயிறும் நினைவுப் பொருள் விற்பார்கள். ஒரு முறை நடந்து பார்க்கலாம், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை.

நேராகக் கேபிள் காருக்குப் போங்கள். காலையிலேயே போனால் வரிசை இருக்காது. இருவர் உட்காரும் சிறு பெட்டி, திராட்சைத் தோட்டத்துக்குச் சற்று மேலே சத்தமில்லாமல் 1,400 மீட்டர் தூரம் ஏறுகிறது. பத்து நிமிடப் பயணம். காலுக்குக் கீழே தோட்ட வேலை நடப்பது தெரியும். இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகப் பிடித்தது இந்தப் பத்து நிமிடம்தான், படகுகூட அடுத்ததுதான்.

மேலே நீடர்வால்ட் நினைவுச் சின்னம். 1871இல் ஜெர்மனி ஒரே நாடானதை நினைவுகூர எழுப்பி 1883இல் திறந்தது, 38 மீட்டர் உயரம். உச்சியில் கிரீடத்தை உயர்த்திப் பிடித்த ஜெர்மானியா சிலை. போரையும் பேரரசையும் கொண்டாடும் அந்தப் பிரம்மாண்டம் எல்லோருக்கும் ரசிக்காது. சிலைக்கு முதுகைக் காட்டி நின்று கீழே பாருங்கள். ரைன் அகன்று வந்து, எதிர்க்கரையில் பிங்கன் நகரில் நாஹே நதி கலந்து, அங்கிருந்து சட்டென்று மலைகளுக்குள் குறுகி நுழைகிறது. நீங்கள் படகில் போகப்போவது அந்தக் குறுகல் வழியாகத்தான்.

இங்கிருந்து இரண்டு வழி. கேபிள் காரிலேயே இறங்கி ரூடஸ்ஹைமில் படகு பிடிப்பது எளிது. நடக்கப் பிடிக்குமென்றால் காட்டு வழியே நடந்து, மறுபக்கம் அஸ்மான்ஸ்ஹவுசன் ஊருக்குத் திறந்த நாற்காலி லிஃப்டில் இறங்கி அங்கே படகு பிடிக்கலாம். கே.டி. படகு அந்த ஊரிலும் நிற்கிறதா, எத்தனை மணிக்கு என்று அட்டவணையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். உயரம் என்றால் பயப்படுகிறவர்களுக்கு அந்த நாற்காலி வேண்டாம்.

ரூடஸ்ஹைமிலேயே படகு பிடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ரயில்வே கேட். ஊருக்கும் நதிக்கும் நடுவே தண்டவாளம் போகிறது. சரக்கு ரயில்கள் மிகுந்த பாதை என்பதால் கேட் அடிக்கடி இறங்கும். படகு கண்ணெதிரே நிற்க, கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருப்பவர்களை அங்கே எந்த ஞாயிறும் பார்க்கலாம். இருபது நிமிடம் முன்னதாகவே நதிப்பக்கம் கடந்துவிடுங்கள்.

படகு: நீரோட்டத்தோடு போங்கள்

ரூடஸ்ஹைமிலிருந்து சங்க்ட் கோவர்ஸ்ஹவுசன் வரை நீரோட்டத்தின் போக்கில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே தூரம் எதிர்நீச்சலில் வந்தால் கணிசமாக அதிகமாகும். அதனால்தான் போவது படகு, திரும்புவது ரயில் என்ற வரிசை. மாற்றிச் செய்தால் மாலை முழுக்கப் படகிலேயே கழியும்.

ஏறியதும் மேல்தளத்துக்குப் போய் இடம் பிடியுங்கள். காற்று குளிரும், ஜூலையிலும் ஒரு ஜாக்கெட் வேண்டும். கோட்டைகள் இரு கரையிலும் மாறி மாறி வருவதால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நஷ்டமில்லை.

கிளம்பிய சிறிது நேரத்தில் நதி நடுவே ஒரு திட்டில் எலிக் கோபுரம். மைன்ஸ் நகர பிஷப் ஒருவர் பஞ்ச காலத்தில் பசித்து வந்த ஏழைகளைக் களஞ்சியத்தில் அடைத்து எரித்தார், எலிகள் அவரைத் துரத்திவந்து இந்தக் கோபுரத்திலேயே தின்றன என்பது கதை. அடுத்து இடக்கரையில் ரைன்ஸ்டைன் கோட்டை. இடிந்து கிடந்ததை 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய இளவரசர் ஒருவர் வாங்கித் திரும்பக் கட்டினார். இந்தப் பள்ளத்தாக்கில் பார்ப்பதற்கு முழுசாக நிற்கும் கோட்டைகளில் பலவும் இப்படி அந்தக் காலத்தில் புதுப்பித்தவைதான். பழைய கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் இடிந்து நிற்பவற்றைப் பாருங்கள்.

இவ்வளவு கோட்டை எதற்கு? சுங்கம். சாலைகள் மோசமாக இருந்த காலத்தில் ஐரோப்பாவின் சரக்கு இந்த நதியில்தான் போனது. ஒவ்வொரு சிற்றரசரும் தன் எல்லையில் படகை நிறுத்திக் காசு வாங்கினார். அதன் அப்பட்டமான சாட்சி கௌப் ஊருக்கு எதிரே நதி நடுவில் நிற்கும் ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன். 1327 வாக்கில் கட்டத் தொடங்கிய வெள்ளைக் கோட்டை, மலைமேல் இல்லாமல் நீருக்குள்ளேயே நிற்கிறது. 1814 புத்தாண்டு நேரத்தில் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு பிரஷ்யத் தளபதி புளூஷர் தன் படையோடு நதியைக் கடந்தது இந்த இடத்தில்தான்.

ரசாயனம், உருக்கு, லாஜிஸ்டிக்ஸ் துறையில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கௌப் என்ற பெயர் வேறு விதத்தில் தெரிந்திருக்கும். ரைனின் இந்தப் பகுதியில் ஆழம் குறைந்த இடம் இது. இங்குள்ள நீர்மட்ட அளவுகோலைப் பார்த்துத்தான் சரக்குப் படகில் எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு செய்கிறார்கள். 2018 அக்டோபரில் அளவு 25 சென்டிமீட்டருக்கு இறங்கி, ஆலைகளுக்கு மூலப்பொருள் வராமல் உற்பத்தியே தடைப்பட்டது. உங்கள் கிளையன்ட் ஆலையின் சப்ளை செயின் கூட்டத்தில் வரும் வரைபடக் கோடு எங்கிருந்து வருகிறது என்பதைப் படகிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கோடையின் கடைசியில் வறட்சி என்றால் பயணிகள் படகும் பாதிக்கப்படும், அதையும் சனிக்கிழமையே பாருங்கள்.

பிறகு லோரலை. வலக்கரையில் நீருக்கு மேல் 132 மீட்டர் எழும் பாறை. உச்சியில் உட்கார்ந்து பொன்னிறக் கூந்தலைச் சீவியபடி பாடும் பெண்ணைப் பார்த்து மயங்கி, படகோட்டிகள் பாறையில் மோதினார்கள் என்பார்கள். படகு ஒலிபெருக்கியில் அவளைப் பற்றிய பாட்டுப் போடுவார்கள், ஜெர்மன் முதியவர்கள் கூடவே முணுமுணுப்பார்கள். பாறை என்னவோ வெறும் பாறைதான். நதி அங்கே ஒடுங்கி, கூர்மையாக வளைந்து, சுழித்துப் போவதைக் கவனித்தால் படகுகள் ஏன் மோதின என்பதற்குப் பெண் தேவையில்லை என்று புரியும்.

அதைத் தாண்டிய சில நிமிடத்தில் இறங்க வேண்டும். எதிரெதிரே இரண்டு ஊர்கள், பெயர் கிட்டத்தட்ட ஒன்று. இடக்கரையில் சங்க்ட் கோவர், வலக்கரையில் சங்க்ட் கோவர்ஸ்ஹவுசன். நீங்கள் இறங்க வேண்டியது வலக்கரை, பெயர் நீளமான ஊர். தவறி எதிர்க்கரையில் இறங்கினாலும் பதற வேண்டாம், இரண்டுக்கும் நடுவே சிறு படகு ஓடுகிறது.

திரும்புதல்

நிலையம் துறைக்குப் பக்கத்திலேயே. அதே ஆர்பி 10 எதிர்த்திசையில் வரும், ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் போல. மதியம் இரண்டு, மூன்று மணிக்கு ஏறினால் ஐந்துக்குள் வந்துவிடலாம். ரயில் இல்லை, ரத்து என்று காட்டினால் எதிர்க்கரைக்குப் போய் அங்கிருந்து மைன்ஸ் போகும் ரயிலைப் பிடித்து, மைன்ஸில் எஸ்8 என்ற புறநகர் ரயிலுக்கு மாறுவது மாற்றுவழி. இரு கரையிலும் தனித்தனிப் பாதை இருப்பதால்தான் இந்தப் பயணத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து குறைவு.

ஹாப்ட்பான்ஹோஃப்பில் இறங்கி நகருக்குள் நடக்கும்போது தெருவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நிலையத்துக்கு எதிரே உள்ள டாவுனுஸ் தெரு, எல்ப தெரு, நிடா தெரு பகுதி போதைப்பொருளுக்கும் சிவப்பு விளக்குக்கும் பெயர் போனது. பகலில் ஒன்றும் செய்ய மாட்டார்கள், பார்க்கத்தான் சங்கடமாக இருக்கும். இருட்டிய பின் கைசர் தெரு வழியாகவோ டிராமிலோ போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

பயப்பட வேண்டாம், ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள். உருளைக்கிழங்கு சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கலாம். ஃபிளாம்கூகன் என்ற மெல்லிய ரொட்டியிலும் அப்படித்தான். 'வெகேட்டாரிஷ்' என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும், மீனும் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நம்பிச் சாப்பிட ப்ரெட்சல்; முட்டையும் சாப்பிடுவீர்கள் என்றால் கேஸஷ்பெட்ஸ்ல என்ற சீஸ் நூடுல்ஸ், ஆப்பிள் கூழோடு வரும் உருளைக்கிழங்கு அடை. முட்டை சாப்பிடுகிறவர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டின் பச்சை சாஸைத் தவறவிடாதீர்கள். ஏழு வகைக் கீரை, மூலிகை அரைத்துத் தயிர் போன்ற பாலேட்டில் குழைத்து, அவித்த முட்டையோடும் உருளைக்கிழங்கோடும் தருவார்கள். ஸாக்சன்ஹவுசன் பகுதியின் பழைய விடுதிகளில் இது நிச்சயம் கிடைக்கும்.

அங்கே நீலப் பூ வேலைப்பாடு போட்ட சாம்பல் நிறக் கூஜாவில் ஊற்றித் தருவது ஆப்பிள் ஒயின். மது தொடாதவர்கள் 'ஆப்ஃபெல்ஷோர்ல' கேளுங்கள், ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்தது. ரூடஸ்ஹைம் காபி என்று பெயரில் காபி இருந்தாலும் அதில் பிராந்தி ஊற்றிக் கொளுத்துவார்கள், பெயரைப் பார்த்து ஆர்டர் செய்துவிடாதீர்கள். டிப்ஸ் மேசையில் வைத்துவிட்டு வருவதில்லை. பணம் கொடுக்கும்போதே சேர்த்துச் சொல்ல வேண்டும், பில் 18.40 என்றால் "இருபது" என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

மழை பெய்தால், அல்லது டிசம்பர் என்றால்

நகரத்திலேயே இருங்கள். ரோமர்பெர்க் சதுக்கத்தில் தொடங்கலாம். 1944 மார்ச்சில் குண்டுவீச்சில் இந்தப் பழைய நகரம் தரைமட்டமானது. பக்கத்தில் இருக்கும் 'புதிய பழைய நகரம்' 2018இல் முடிந்தது. 35 வீடுகளில் 15 பழைய வரைபடத்தை வைத்துத் திரும்பக் கட்டியவை. போலி என்று திட்டுகிறவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்கும். ஒட்டியிருக்கும் தேவாலயத்தில்தான் 1562 முதல் 1792 வரை பேரரசர்களுக்கு முடிசூட்டினார்கள். அங்கிருந்து இரும்பு நடைபாலம் வழியாக மைன் நதியைக் கடந்தால் வரிசையாக மியூசியங்கள். ஒன்றே ஒன்று என்றால் ஷ்டேடல் ஓவியக் கூடம், 1815இல் தொடங்கியது. குழந்தைக்குக் காட்டப் படம் எடுக்க வேண்டுமென்றால் ஸெங்கன்பெர்க் மியூசியத்தின் டைனோசர்கள். டிசம்பரில் மாலையில் ரோமர்பெர்க்கிலேயே கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும், அதற்கு நாலு மணிக்குத் திரும்பி வாருங்கள்.

ஞாயிறு இரவு

அன்றைய பில்களைத் தனி உறையில் போடுங்கள், ஆபீஸ் கணக்கோடு கலக்க வேண்டாம். வார நாளில் வாங்கிய தினப்படி ஞாயிறுக்கும் உண்டா என்பதைக் கம்பெனி விதியில் பார்த்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் உண்டு. இந்தியாவில் இருக்கும் டீமுக்குத் திங்கள் காலை ஒன்பதரை என்றால், கோடை நேரத்தில் உங்களுக்குக் காலை ஆறு. குளிர்காலத்தில் ஐந்து. ஆறு மணி அழைப்பு இருக்கிறதென்றால் பத்து மணிக்குள் படுத்துவிடுங்கள்.

மறுநாளே ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியை இரவே கட்டுங்கள். விமான நிலையத்துக்கு எஸ்8, எஸ்9 ரயில்கள் போகின்றன, ஹாப்ட்பான்ஹோஃப்பிலிருந்து கால் மணி நேரத்துக்குள் ஆகும். ஷெங்கனை விட்டு வெளியேறும்போது 2025 அக்டோபர் 12 முதல் தொடங்கிய கைரேகைப் பதிவு முறை இருப்பதால் பாஸ்போர்ட் வரிசை நீளமாக இருக்கலாம். மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள், உங்கள் விமானம் எந்த டெர்மினல் என்பதை டிக்கெட்டில் ஒருமுறை பார்த்துக்கொண்டு.